வெள்ளிக்கிழமைத் தாளின் இடது மூலை

1987 நவம்பர் 12, வியாழக்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழும்பினேன். வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தன. கணவர் மொன்றியலுக்கு மேற்கே புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலைக்கு ஐந்தரைக்கே புறப்பட்டிருந்தார். அவர் குடித்த கோப்பை கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. தேநீர், இரண்டு துண்டு பாண், முதல்நாள் பருப்பு. ஏழு ஐந்துக்கு பஸ். ஏழு முப்பத்தெட்டுக்குப் பாடசாலையின் பின்கதவு.

இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் உள்ளபடியே எழுதுகிறேன். அதற்குக் கீழே உள்ளதை அப்படியே எடுத்தெழுத முடியாது. இரண்டு இடங்களில் பேனை கடதாசியைக் கிழித்திருக்கிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இத்தனை வருடம் பொறுத்திருந்தேன். ஆறவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் இருபத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். கடைசி நாலு வருடம் பிரதி அதிபர். மொன்றியலில் எனக்குக் கிடைத்தது ஒரு பிரெஞ்சு உயர்நிலைப் பாடசாலையின் கந்தோரில் ரோணியோ இயந்திரத்தில் பிரதி அடிக்கும் வேலை. மாதத்துக்கு மாதம் நீடிக்கப்படும் வேலை. நீடிக்காமல் விட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை. நான் அதைக் குறைவாக நினைக்கவில்லை. மை கையில் ஒட்டாமல், பக்கம் சரியாமல், முதற்பிரதியும் கடைசிப் பிரதியும் ஒரே கறுப்பாக வருவதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு என்னிடம் இருந்தது.

வாரத்தின் பெரிய வேலை வெள்ளிக்கிழமைத் தாள். ஆசிரியர்களுக்கான கிழமைச் செய்தி அது. யாருக்குப் பிறந்தநாள், எந்த வகுப்பு எங்கே சுற்றுலாப் போகிறது, பெற்றோர் சந்திப்பு எப்போது, பனி அள்ளும் வண்டி வரும்போது கார்களை எங்கே நிறுத்துவது எல்லாம் அதில் வரும். வியாழன் காலை பிரதி அதிபர் தன் கையெழுத்தில் விடயங்களை எழுதி அனுப்புவார். நான் ஸ்டென்சில் மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, பிற்பகலில் நாற்பத்துநாலு பிரதிகள் அடித்து வைப்பேன். வெள்ளி காலை அவற்றைக் கந்தோர்ச் செயலாளர் அம்மா இரண்டிரண்டு பக்கமாகச் சேர்த்துக் கம்பி அடிக்க, நான் ஆசிரியர்களின் பெட்டிகளில் போடுவேன்.

முதல் ஆறு மாதம் அந்தப் பிரெஞ்சு எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன்; மேலே போடும் கோடு, கீழே தொங்கும் வால் ஒன்றும் தவறவிடவில்லை. பிழை இல்லாமல் வருகிறது என்று செயலாளர் அம்மா புகழ்ந்தார். இன்னொன்றையும் புகழ்ந்தார். ஒவ்வொரு ஸ்டென்சிலிலும் இடது மேல் மூலையில் எழுத்தாணியால் நான் ஒரு சின்னக் குறி இடுவேன்; அது எல்லாப் பிரதியிலும் விழும். நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு. கம்பி அடிக்கும் இடத்தைக் காட்டத்தான் அதைப் போடுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். நல்ல யோசனை, மதாம், என்றார். நான் மறுத்துச் சொல்ல அப்போது என்னிடம் மொழி இருக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் குறியின் மேலேயே மிகச் சரியாகக் கம்பி அடித்தார்.

பின்னேர வகுப்புக்குப் போய், அகராதி வாங்கி, அந்த நவம்பரில் எனக்குப் பிரெஞ்சு வாசிக்க வந்துவிட்டது. கதைக்கத்தான் வாய் தடுக்கும். இது கந்தோரில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

அன்று பத்தே முக்காலுக்கு விடயங்கள் வந்தன. ஒன்று, உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பிறந்தநாள், கேக் மதியம். இரண்டு, பெற்றோர் சந்திப்பு. மூன்று, ஆசிரியர் அறையிலிருந்து காணாமற்போன ஒரு காப்பிக் குவளை; நீல நிறம், கைபிடியில் கீறல், அது யாரோ தன் தாயாரிடமிருந்து பெற்றது. குவளைக்கு ஆறு வரி. நாலாம் இலக்கத்துக்கு ஐந்து வரி.

நாலாம் இலக்கம் இதுதான். புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வரவேற்பு வகுப்பில் நடந்த கணிதச் சோதனையில், ஐந்து மாணவர்களின் தாள்களில் ஒரே இரகசியக் குறி காணப்பட்டிருக்கிறது. விடைகளின் அமைப்பும் ஒன்றுபோல் இருக்கிறது. வகுப்பில் கற்பித்த முறையில் இல்லை. கூட்டாகக் கள்ளம் செய்திருப்பதாகத் தெரிவதால் ஐந்து பேரின் புள்ளிகளும் இரத்துச் செய்யப்படுகின்றன. இனிமேல் பக்கத்தின் மேற்பகுதியில் குறி இடப்பட்ட எந்தத் தாள் கிடைத்தாலும் ஆசிரியர்கள் அதைப் பிரதி அதிபரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கீழே ஐந்து பெயர்கள். ஐந்தும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்கள்.

அவர்களில் ஒரு பெண்பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வயது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்துக் குடும்பம். இந்தச் சோதனையில் எண்பதுக்கு மேல் எடுத்தால் ஜனவரியில் அவள் தன் வயதுப் பிள்ளைகளின் சாதாரண வகுப்புக்குப் போகலாம். எடுக்காவிட்டால் இன்னொரு முழு வருடம் நிறங்களின் பெயரும் பழங்களின் பெயரும் சொல்லிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். ஏற்கெனவே யுத்தத்தில் ஒன்றரை வருடப் படிப்பைத் தொலைத்தவள். அவள் எடுத்தது தொண்ணூற்றாறு. இப்போது அது பூச்சியம்.

நான் தட்டச்சை நிறுத்திவிட்டுச் செயலாளர் அம்மாவிடம் தாளைக் கொண்டுபோனேன். இது பிழை, நான் பிரதி அதிபருடன் பேச வேண்டும் என்று சொன்னேன். செயலாளர் அம்மா கெட்ட மனிதர் அல்ல. குளிர் தொடங்கியபோது எனக்குக் கையுறை பின்னித் தந்தவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீங்கள் இதை வாசிக்கிறீர்களா, மதாம்? அடித்தால் போதும். வாசிக்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லையே."

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் இன்னும் உறைக்கிறது.

பதினொன்றரைக்குப் பிரதி அதிபர் என்னை உள்ளே விட்டார். மேசையில் ஐந்து தாள்களும் இருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் பிள்ளையார் சுழி. ஒரு கொக்கி, கீழே இரண்டு கோடு. அவர் பென்சில் முனையால் அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார், தடயம் கண்டுபிடித்த பொலிஸ்காரரைப்போல. நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்: இது எங்கள் இந்துப் பிள்ளைகள் எதை எழுதத் தொடங்கும்போதும் போடும் குறி. ஒரு கடவுளுக்குரியது. கடிதத்திலும் போடுவார்கள், கடைச் சாமான் பட்டியலிலும் போடுவார்கள். விடைகளின் அமைப்பு ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம், ஐந்து பேரும் ஒரே நாட்டில் ஒரே பாடத்திட்டத்தில் கணக்குப் படித்தவர்கள். இங்கே வகுக்கும் எண்ணை வலது பக்கம் எழுதுகிறார்கள். நாங்கள் இடது பக்கம் எழுதுவோம். அதுதான் அந்தக் கூட்டுச் சதி.

தாள்களைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பார்த்தேன். மூன்று நிமிடம் போதுமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் பரீட்சை மண்டபத்தில் நடந்தவள் நான். பார்த்தெழுதிய தாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்த்தெழுதுகிறவன் பிழையையும் சேர்த்து எழுதுவான். இங்கே ஒவ்வொருவரின் பிழையும் வேறு. ஏழாம் கணக்கை அந்தப் பெண்பிள்ளை மற்ற நால்வரும் செய்யாத வழியில் சுருக்கமாகச் செய்திருந்தாள். ஐந்து பேரில் ஒருவனுக்கு நாற்பத்தெட்டுப் புள்ளி. களவெடுக்கக் கூட்டுச் சேர்ந்தவன் நாற்பத்தெட்டா எடுப்பான்? இதையும் சொன்னேன்.

பிள்ளைகளைக் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். ஐந்து பேரையும் நிறுத்தி வைத்துக் கேட்டபோது ஐந்து பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். குற்றமில்லாதவன் கண்ணைப் பார்த்துப் பேசுவான், மதாம், என்றார். பெரியவர் ஒருவர் கோபமாக நிற்கும்போது கண்ணைப் பார்த்து வாய்காட்டும் பிள்ளையை நாங்கள் வேறு பெயர் சொல்லி அழைப்போம் என்பதை அவருக்கு விளக்கும் அளவுக்கு என் பிரெஞ்சு போதவில்லை.

கடைசியில் அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "உங்களுக்கு அந்தப் பிள்ளைகள் மேல் இரக்கம் இருப்பது இயல்புதான். நீங்களும் அவர்களுடைய ஆள். அதனால் உங்கள் சொல்லை நான் சாட்சியாக எடுக்க முடியாது."

அதாவது, அந்தக் குறி என்னவென்று தெரிந்தவர் சாட்சி சொல்ல முடியாது. தெரியாதவர் தீர்ப்புச் சொல்லலாம்.

நான் திரும்பிவந்து எல்லாவற்றையும் அடித்தேன். நாலாம் இலக்கத்தையும் அடித்தேன். எழுத்தைக் குறைக்கவோ கூட்டவோ எனக்கு உரிமை இல்லை, அப்படி ஒருநாளும் செய்ததில்லை. மூன்றே காலுக்கு நாற்பத்துநாலு பிரதிகளும் தயார். மை காயட்டும் என்று அடுக்கி, மேலே வெற்றுக் கடதாசி வைத்து மூடினேன்.

நாலரைக்கு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டறை. தகப்பன் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர்; அப்போதுதான் வந்து, ஈரக் காலுறையைக் கணப்பின் மேல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தாய் தேநீர் ஊற்றினார். பிள்ளை சுவரோரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள், வாசிக்கவில்லை. புள்ளி பூச்சியமானது அவளுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. தாய் தகப்பனுக்கு அவள் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொன்னேன். நாளைக் காலை வந்து பிரதி அதிபரைப் பாருங்கள், நான் கூட வருகிறேன், நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன்.

தகப்பன் காலுறையைக் கணப்பின் மேல் திருப்பிப் போட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டார், ஆனால் மகளுடன்.

"நீ ஏன் அதைப் போட்டனி? ஊரிலயே நிக்கிறாய் நீ? இனிமேல் ஒரு தாளிலயும் சுழி கிழி ஒண்டும் வரக்கூடாது, விளங்குதே?"

"கை தன்பாட்டில போடுது அப்பா," என்றாள் பிள்ளை. "யோசிச்சுப் போடுறேல்லை."

"அப்ப கையைக் கட்டிப்போட்டு எழுது."

"கையைக் கட்டினா என்னண்டு எழுதுறது?"

தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை செய்த பிழை என்ன, அவளை ஏன் ஏசுகிறீர்கள் என்று தகப்பனைக் கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அவர் தாழ்ந்த குரலில்தான் பதில் சொன்னார்.

"ரீச்சர், எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. அடுத்த மாதம் விசாரணை. அதுக்குள்ள பள்ளிக்கூடத்தோட கொழுவினதெண்டு ஒரு கடதாசி போனா, நான் ஆரிட்டப் போய் நிக்கிறது? ஒரு வருஷம் பிந்தினால் பிந்தட்டும். பிள்ளை உயிரோட இருக்குதுதானே."

அவர் பயத்தை நான் பிழை சொல்ல முடியாது. எங்களுக்கும் அதே பயம் இருந்தது. ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தொண்ணூற்றாறு எடுத்த பிள்ளை தலைகுனிந்து இருக்கிறாள். அவளுக்குச் சரி என்று சொல்ல அந்தப் பாடசாலையிலும் ஆள் இல்லை, அந்த வீட்டிலும் ஆள் இல்லை. குனிந்துபோகக் குனிந்துபோக நிலம்தான் மிஞ்சும் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் நாள் முழுதும் குனிந்து பெட்டி தூக்கிவிட்டு வந்த மனிதர்.

தாய் ஒரு தட்டில் வடை கொண்டுவந்து வைத்தார். பேச்சை மாற்றத்தான் என்று நினைக்கிறேன், என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாருங்கோவன், எங்கட பிள்ளையாருக்கு வழக்குப் பேச ஒரு வேதக்கார ரீச்சர் வர வேண்டிக்கிடக்கு. அவர் தன்ர அலுவலைத் தானே பாக்கமாட்டாராமே?"

அப்போதுதான் பிள்ளை தலையை நிமிர்த்தினாள். "வேதக்காரர் ஒண்டும் போடுறேல்லையே ரீச்சர்? எழுதத் தொடங்கேக்க?"

"ஏன் போடாம? சின்னதா ஒரு சிலுவ போடுவம் மகள்," என்றேன். "எங்கட பள்ளிக்கூடத்தில எல்லாப் புள்ளையளும் போடுவாங்க. நான் இப்பவும்..."

அந்த வசனத்தை நான் முடிக்கவில்லை. வடை கையிலேயே இருந்தது.

நான் இப்போதும் போடுகிறேன். நாட்குறிப்பில் போடுகிறேன், கடிதத்தில் போடுகிறேன். மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொரு வியாழனும் ஸ்டென்சிலில் முதல் எழுத்தை அடிக்குமுன் இடது மூலையில் போட்டு வருகிறேன். அந்தப் பாடசாலையின் அதிபரும் பிரதி அதிபரும் நாற்பத்துச் சொச்சம் ஆசிரியர்களும் எட்டு மாதமாக அதைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஒருவரும் அதை இரகசியக் குறி என்று சொல்லவில்லை. கம்பி அடிக்க வசதி என்றார்கள். அன்று பத்தே முக்காலுக்கும் நான் அதைப் போட்டிருந்தேன். அதைப் போட்டுவிட்டு, அதன் கீழே, குறி போட்ட பிள்ளைகளைக் கள்ளர் என்று சொல்லும் ஐந்து வரிகளை ஒரு பிழையில்லாமல் அடித்து முடித்தேன். பிரதி அதிபருக்கு முன்னால் நின்று அந்தக் குறியைப்பற்றி வழக்காடிய நேரத்திலும் என் குறி எனக்கு ஞாபகம் வரவில்லை. பிள்ளை சொன்னதுபோல, கை தன்பாட்டில் போட்டிருக்கிறது.

எனக்கு மற்றவர்கள் மேல் இருந்த கோபத்தில் ஒரு பங்கு என் பக்கம் திரும்பியது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோகக்கூடிய ஒரே சாட்சியை நானே ஒவ்வொரு கிழமையும் கம்பிக்குக் கீழே வைத்து மூடவிட்டிருக்கிறேன்.

அந்த வீட்டில் இதைச் சொன்னேன். தாய் வாயில் கைவைத்தார். தகப்பன் உடனே சொன்னார், அப்படியென்றால் உங்கள் வேலையும் போகும், பேசாமல் விடுங்கள் என்று. இனி உங்களை நான் வரச் சொல்லமாட்டேன், உங்கள் பெயரையும் எங்கும் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். நான் சப்பாத்துப் போடும்போது பிள்ளை என் குடையை எடுத்துத் தந்தாள். கதவடியில் மெதுவாகக் கேட்டாள்: "ஏழாம் கணக்கு சரிதானே ரீச்சர்?"

"சரி மட்டுமில்ல. நான் செஞ்சிருந்தாலும் இவ்வளவு வடிவா வந்திராது," என்றேன். அது உண்மை.

முடிவை ஒளித்துவைத்துக் கதை சொல்ல எனக்கு வராது. ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஐந்து பேருக்கும் புள்ளிகள் திரும்பக் கிடைத்தன. நாற்பத்தெட்டு எடுத்தவனுக்கும் அதே நாற்பத்தெட்டு. ஜனவரியில் அந்தப் பெண்பிள்ளை சாதாரண வகுப்புக்குப் போனாள். என் வேலையும் நீடிக்கப்பட்டது. யாராவது அடிக்கத்தானே வேண்டும். ஆனால் மறுகிழமைத் தாளில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை. குற்றம் சாட்ட ஐந்து வரியும் ஐந்து பெயரும் இருந்தன. குற்றம் இல்லை என்று சொல்ல இடம் இல்லை. நீலக் குவளை கழுவும் தொட்டிக்குக் கீழே கிடைத்துவிட்டது. அதற்கு நாலு வரி வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். அந்தப் பிரதிகளை இன்னும் வைத்திருக்கிறேன். யாருக்காவது என் சொல்லில் சந்தேகம் இருந்தால் வந்து வரிகளை எண்ணிப் பார்க்கலாம்.

நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. ஏழு பத்துக்கே பாடசாலைக்குப் போய்விட்டேன். செயலாளர் அம்மா வர அரைமணி இருந்தது. மேலங்கியைக் கழற்றுமுன் முதலில் செய்தது இதுதான். அடுக்கி மூடியிருந்த தாள்களை எடுத்து மேசையில் வைத்தேன். சிவப்புப் பென்சிலைக் கூராக்கினேன். ஒவ்வொரு பிரதியிலும் இடது மூலையில் இருந்த சிலுவையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அடிமட்டம் வைத்து, வட்டத்திலிருந்து நாலாம் இலக்கம்வரை ஒரு நேர்கோடு இழுத்தேன். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை. முடிந்ததும் நாற்பத்துநாலையும் நானே சேர்த்து, வலது மூலையில் கம்பி அடித்து, முதற்பிரதியைத் தவிர மற்றவற்றை ஆசிரியர்களின் பெட்டிகளில் போட்டேன். மேற்பகுதியில் குறி உள்ள எந்தத் தாளையும் பிரதி அதிபரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது கட்டளை. மார்ச் மாதத்திலிருந்து வந்த எல்லாத் தாள்களின் கோப்பையும் அலுமாரியிலிருந்து எடுத்து, அதன்மேல் அன்றைய முதற்பிரதியை வைத்து, அவருடைய கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.